கோழிக் கூண்டுக்குத் தானியங்கிக் கதவு: எதை வாங்கலாம், எங்கே ஏமாற்றும்

பொழுது சாய்ந்தபின் கூண்டைச் சாத்த மறந்த ஒரே இரவு போதும், மொத்தக் கோழியும் போய்விடும். உள்ளே புகுந்த நரியோ மரநாயோ ஒன்றோடு நிறுத்துவதில்லை. தப்ப வழியில்லாமல் படபடக்கும் ஒவ்வொன்றையும் கடித்துப் போடும். அந்த ஒரு மறதிக்குத்தான் தானியங்கிக் கதவு. ஒளியுணரி, கடிகாரம், பேட்டரி, மேலும் கீழும் நகரும் ஓர் அலுமினியத் தகடு, இவ்வளவுதான் அது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மரைத்தண்டில் (திருகாணிபோல் மரை வெட்டிய நீண்ட கம்பியில்) ஏறி இறங்கும் கதவு வாங்கத் தகுந்தது. கயிற்றில் தொங்கும் கதவு, பூட்டு இல்லையென்றால், காசுக்குக் கேடு.

கயிற்று வகையில் மோட்டார் கயிற்றைச் சுற்றித் தகட்டைத் தூக்குகிறது. இறங்குவது தகட்டின் சொந்த எடையில். மூடியபின் அதைப் பிடித்து வைப்பதும் அந்த எடை மட்டும்தான். அடி விளிம்பில் நகத்தை நுழைத்து நெம்பத் தெரிந்த விலங்குக்கு அது ஒரு தடையே அல்ல. சில மாதிரிகளில் தகட்டின் அடியில் இரண்டு கொக்கிகள் பக்கவாட்டில் விரிந்து சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். அவை நல்லவை, ஆனால் வாசற்படியில் கொஞ்சம் கூளம் சேர்ந்தாலும் கொக்கி விரியாது. மரைத்தண்டு வகையில் மோட்டார் தண்டைச் சுழற்ற, தகட்டோடு சேர்ந்த நட்டு அதன்மேல் ஏறி இறங்கும். வெளியிலிருந்து எவ்வளவு நெம்பினாலும் மரை பின்னுக்குச் சுழலாது. தனிப் பூட்டு தேவையில்லை.

அதே வலிமை இன்னொரு கவலையையும் கொண்டுவருகிறது. தண்டு தகட்டைக் கீழ்நோக்கி அழுத்துவதால், நடுவில் கோழி நின்றால் நசுங்கக்கூடும். அதற்காகத்தான் தடையுணர்வு: மோட்டார் இழுக்கும் மின்சாரம் திடீரென உயர்ந்தால் கதவு நின்று மேலே திரும்பும். பொருத்துவதற்கு முன் மேசைமேலேயே சோதியுங்கள். ஒரு வெள்ளரிக்காயை வாசலில் குறுக்கே வைத்து மூடும் பொத்தானை அழுத்துங்கள். தொட்டதும் திரும்ப வேண்டும். காயில் பள்ளம் விழுந்தால் அந்தக் கதவைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

வாங்கும்போது பலரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: தடை விலகாவிட்டால் கதவு என்ன செய்யும்? பெரும்பாலும் சில முறை முயன்றுவிட்டுத் திறந்தபடியே நின்றுவிடும். ஒரு கைப்பிடி மரத்தூள் போதும் அதற்கு. பிழையை விளக்கு மினுக்கியோ ஒலி எழுப்பியோ சொல்லாத மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அந்த விளக்கும் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பொருத்துவதில்தான் பாதிக் கதவுகள் கெடுகின்றன. வாசலின் அடி, உள்ளே பரப்பிய கூளத்தைவிட 20 செ.மீ. உயரத்திலாவது இருக்கட்டும், கோழி கிளறும்போது தூள், தகடு நகரும் காடியில் விழாது. ஏறி இறங்க ஒரு சாய்பலகை வைத்தால் போதும். சட்டத்தை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்துங்கள். திருகாணிகளை முழு வலுவோடு முறுக்கக் கூடாது: வளைந்த மரச்சுவரில் இழுத்துக் கட்டினால் சட்டமும் வளையும், காடி இறுகும், தகடு பாதியில் நிற்கும். மழையில் மரம் உப்பும்போது இது இன்னும் மோசமாகும். மரச்சுவர் என்றால் சட்டத்துக்குப் பின்னால் ஒரு மெல்லிய சமப்பலகை கொடுத்து அதில் பொருத்துவது மேல். காடிக்கு எண்ணெய் விட வேண்டாம், தூசி ஒட்டிப் பசையாகிவிடும். மெழுகுவத்தியைத் தேய்த்தாலே வழுக்கும். அகலமும் உயரமும் 30 செ.மீ. அளவில் உள்ள வாசல் சாதாரணக் கோழிக்குத் தாராளம். வான்கோழிக்குப் போதாது.

இனி ஒளியுணரி. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. வெளிச்சம் மங்க மங்க அதுவாகவே கூண்டுக்கு வந்து கம்பில் ஏறிவிடும். இந்தப் பழக்கத்தை நம்பித்தான் இந்தக் கருவியே இருக்கிறது. மாலையில் மூடுவதற்கு உணரிதான் சரி, ஏனென்றால் சூரியன் மறையும் நேரம் பருவத்தோடு மாறிக்கொண்டே இருக்கும். அந்தி எவ்வளவு நேரம் நீள்கிறது என்பது இடத்துக்கு இடம் வேறு. பூமத்திய ரேகைக்கு அருகில் 20 நிமிடத்துக்குச் சற்று மேல், துருவங்களை நோக்கிப் போகப் போக ஒரு மணி நேரமும் தாண்டும். ஆகவே தொழிற்சாலையில் வைத்த அளவை அப்படியே நம்பாமல், கடைசிக் கோழி உள்ளே போன 10 நிமிடத்துக்குப் பின் மூடும்படி அளவை நகர்த்துங்கள்.

உணரியைத் திறந்த வானம் பார்க்க வையுங்கள். கூரை இறவாணத்தின் ஆழத்திலோ அடர்ந்த மர நிழலிலோ இருந்தால் சீக்கிரமே மூடிக்கொள்ளும், பின்தங்கிய கோழி வெளியே மாட்டும். வாசல் விளக்கு நேரே விழுந்தால் இரவு முழுக்க மூடாது. கார்மேகம் கவிந்த நண்பகலில் சட்டென்று மூடிக்கொள்வதும் நடக்கும். சில நிமிடம் தொடர்ந்து இருண்டால் மட்டுமே இயங்கும் மாதிரியையும், ‘இந்த மணிக்கு முன் மூடாதே’ என்று கட்டளை இடக்கூடிய மாதிரியையும் தேடுங்கள்.

காலையில் திறக்க மட்டும் உணரியை விட்டுவிடாதீர்கள், அங்கே கடிகாரம்தான் வேண்டும். நரி விடிகாலையிலும் சுற்றும். முதல் வெளிச்சத்தில் திறக்கும் கதவு அதற்குத் தீவனம் எடுத்து வைப்பதுபோல. நன்றாக விடிந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் முட்டைகளும் புதருக்குள் போகாமல் முட்டைப் பெட்டியிலேயே கிடைக்கும், பெட்டைகள் பெரும்பாலும் முற்பகலில்தான் இடும்.

பேட்டரியில் ஒரு நுணுக்கம் உண்டு. நான்கு சாதாரண அல்கலைன் கட்டைகள் சேர்ந்து 6 வோல்ட் தரும்; மறுமின்னேற்றக் கட்டைகள் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் என்பதால் மொத்தம் 4.8தான். பல கதவுகள் அதை ‘பேட்டரி தீர்ந்தது’ என்று எடுத்துக்கொள்ளும், அல்லது தகடு பாதியில் திணறும். கையேட்டில் அனுமதி இருந்தால் மட்டும் அவற்றைப் போடுங்கள். கடும் குளிரில் அல்கலைன் சட்டென்று தளரும். தீரும்வரை காத்திராமல் ஆண்டுக்கு இருமுறை மாற்றிவிடுவதே நல்லது. மின்சாரம் செத்தால் பெரும்பாலான கதவுகள் நின்ற இடத்திலேயே நிற்கும். மூடிய நிலையில் நின்றால் வெயில் நாளில் கோழிக்குத் தாகமே ஆபத்து. அதனால் கூண்டுக்குள் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். கூரையை ஒட்டி வலையடித்த காற்றுத் துளைகளும் அவசியம்.

இந்தக் கதவால் முடியாததையும் சொல்லியாக வேண்டும். கீரியும் பருந்தும் பகலில் வருபவை. திறந்திருக்கும் கதவு அவற்றை எதுவும் செய்யாது. அதற்கு மேலே வலை போட்ட முற்றம் வேண்டும். சுற்றிலும் அறுகோணக் கோழி வலை மட்டும் அடித்திருந்தால், கதவுக்கான செலவை முதலில் வலைக்கு மாற்றுங்கள். அந்த வலை கோழியை உள்ளே வைக்கப் பயன்படும், நாயின் பல்லைத் தாங்காது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) அடித்து, அடியில் 30 செ.மீ. ஆழம் புதைத்தோ, வெளிப்பக்கம் 40 செ.மீ. தரையோடு படுக்க வைத்தோ கல் ஏற்றுங்கள். தோண்டும் விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டும், வலையில் நகம் பட்டதும் நகர்ந்துவிடும்.

கதவுக்கு எண்ணத் தெரியாது. முட்டைப் பெட்டியில் சுருண்டு கிடக்கும் பாம்போடு சேர்த்தும் பூட்டிவிடும். படுக்கப் போகும் முன் கைவிளக்கோடு ஒரு முறை போய்த் தலைகளை எண்ணுவதை விட்டுவிடக் கூடாது.

புதிதாக வாங்கிய விடைக்கோழிகள் என்றால் முதல் ஒரு வாரம் கூண்டிலேயே அடைத்து வைத்து, அது தன் வீடு என்று பழகிய பிறகே கதவைத் தானாக இயங்க விடுங்கள். வாத்து வளர்ப்பவர்களுக்கு இது சரிவராது: வாத்து இருட்டிலும் மேயும், தானாக அடையாது. கினிக்கோழி மரத்தைத்தான் தேடும். அவற்றைக் கையால் விரட்டி அடைத்த பின், பொத்தானை அழுத்தி மூட மட்டும் இந்தக் கதவு உதவும்.