இசட்எஃப்எஸ் செண்ட்–ரிசீவ்: நகல் எடுப்பதில் கெட்டி, மற்றது நம் பாடு

பேக்கப்புக்கு, ஃபைல்களை ஒப்பிட்டு நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) கருவியை விட்டு, இசட்எஃப்எஸ் (ZFS) என்ற ஃபைல் சிஸ்டத்துக்கு நான் மாறியதற்கு ஒரே காரணம், எது மாறியது என்று தேட வேண்டியதில்லை என்பதுதான். என் பொறுப்பில் இருப்பவை ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், சில வெர்ச்சுவல் மெஷின்கள், ஸ்கேன் செய்த பில்கள் குவிந்து கிடக்கும் ஒரு வால்யூம். அந்தப் பில் வால்யூமில் அத்தனையும் குட்டிக் குட்டி ஃபைல்கள். ஆர்சிங்க் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

இசட்எஃப்எஸ் டிஸ்க்கில் உள்ள பழைய பிளாக்கின் (டேட்டாத் துண்டின்) மேலேயே எழுதுவதில்லை. புது இடத்தில் எழுதிவிட்டுச் சுட்டியை மாற்றுகிறது. ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தில் வால்யூம் இருந்த நிலையின் பதிவு) என்றால் பழைய பிளாக்குகளை அழிக்காமல் விட்டுவைப்பது, அவ்வளவே. அதனால்தான் நொடியில் முடிகிறது. ஒவ்வொரு சுட்டியிலும் அந்த பிளாக் எந்தப் பரிவர்த்தனையில் பிறந்தது என்ற எண்ணும் இருக்கிறது. போன ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு மாறாத கிளையை, மாற்றங்களை அனுப்பும் செண்ட் கட்டளை திறந்துகூடப் பார்ப்பதில்லை. வால்யூம் எவ்வளவு பெரிதானாலும், மாறியது கொஞ்சம் என்றால் வேலையும் கொஞ்சம்தான். பாதியில் லைன் அறுந்தாலும், மறுமுனையில் வாங்கிக்கொள்ளும் ரிசீவைத் தொடரும் வசதியோடு ஓட்டியிருந்தால், விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ரா செண்ட். என்கிரிப்ட் செய்து பூட்டிய வால்யூமைப் பூட்டைத் திறக்காமல் அப்படியே அனுப்பலாம். வெளியிடத்தில் இருக்கும் பேக்கப் மெஷினுக்குச் சாவியே தெரிய வேண்டாம். லினக்ஸில் 2019-இல் வந்த 0.8 பதிப்பிலிருந்து இது உண்டு.

இனி நம் பாடு. எப்போது ஸ்னாப்ஷாட் எடுப்பது, எதை அழிப்பது என்பதை இசட்எஃப்எஸ் பார்த்துக்கொள்ளாது. சனாய்ட், இசட்ரெப்பல் போன்ற துணைக் கருவி ஒன்று வேண்டும். இரு பக்கத்துக்கும் பொதுவான ஸ்னாப்ஷாட் போய்விட்டால் முழு வால்யூமையும் முதலிலிருந்து அனுப்ப வேண்டியதுதான். மூலத்தில் மட்டும் இடம் நெருக்கினால், ஸ்னாப்ஷாட்டை அழிக்குமுன் புக்மார்க் (டேட்டா இல்லாமல் அந்தக் கட்டத்தை மட்டும் குறித்துவைக்கும் அடையாளம்) போட்டு வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். பெறும் பக்கத்தை ரீட்-ஒன்லி ஆக்கிவிடுங்கள். அங்கே யாராவது எதையாவது தொட்டுவிட்டால் அடுத்த ரிசீவ் மறுத்துவிடும். இசட்எஃப்எஸ் லினக்ஸ் கெர்னலுக்கு வெளியே தனி மாட்யூலாக இருப்பதால் கெர்னல் அப்டேட்டின்போது கொஞ்சம் பொறுமை தேவை.

டேட்டாபேஸ் விஷயத்தில் பலருக்குத் தயக்கம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஸ்னாப்ஷாட், திடீரென்று கரன்ட் போனால் டிஸ்க் எப்படி இருக்குமோ அந்த நிலையில்தான் இருக்கும். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு அது போதும், ஆனால் டேட்டாவும், மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் வால் (WAL) லாக்கும் ஒரே கணத்தில் பிடிபட வேண்டும். இரண்டையும் ஒரே பெற்றோர் வால்யூமின் கீழ் வைத்து, கீழே உள்ள அனைத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ரிகர்சிவ் ஸ்னாப்ஷாட் எடுத்தால் எல்லாம் ஒரே கணத்தில் பதிவாகும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் மைசாம் (MyISAM) வகை டேபிள்கள் இருந்தால் இது செல்லாது, பூட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களின் இஎம்சி ஸ்டோரேஜ் பெட்டிகளில் பிசிவி (BCV) என்று ஒன்று உண்டு. வால்யூமின் முழுப் பிரதி ஒன்றை ஒட்டி, சமமானதும் பிரித்து, அந்தப் பிரதியிலிருந்து பேக்கப் எடுப்பார்கள். தேவை இதேதான், ஆனால் அதே அளவு டிஸ்க்கை இன்னொரு மடங்கு ஒதுக்க வேண்டும். இங்கே உள்ளூர் ஸ்னாப்ஷாட்டுக்கு மாறிய பிளாக்குகளுக்கான இடம் போதும். ஆனால் அதே டிஸ்க்கில் இருக்கும் ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு நிமிட டேட்டாகூடப் போகக் கூடாது என்பவர்களுக்கு இது சரிவராது. கால் மணிக்கு ஒருமுறை அனுப்பினால் அந்தக் கால் மணி நேர வேலை ஆபத்தில்தான். அவர்கள் டிஆர்பிடி (DRBD) மாதிரி உடனுக்குடன் எழுதும் பிரதிக்குப் போகட்டும். ஆனால் அதில் ஒருவர் டேபிளை அழித்தால் அந்தப் பக்கமும் அதே நொடியில் அழியும். அதனால் அதோடு சேர்த்து இதுவும் வேண்டும்.

மீட்டுப் பார்க்கும் சோதனை இங்கே சுலபம் என்பதும் சொல்ல வேண்டியது. பேக்கப் மெஷினில் சாவியைத் தற்காலிகமாக ஏற்றி, கடைசி ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரு க்ளோன் (எழுதக்கூடிய பிரதி) எடுத்து, அதன் மேல் போஸ்ட்கிரெஸ்ஸைக் கிளப்பி, கடைசி பில் எண் என்ன என்று கேட்பேன். ஸ்னாப்ஷாட் எடுத்த நேரத்தோடு அது ஒத்துப்போனால் க்ளோனை அழித்துவிட்டு, சாவியையும் இறக்கிவிடுவேன்.