தனி உரிமமா, பொது உரிமமா? கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள சரக்கை அனுப்புவோருக்கு ஓர் ஒப்பீடு

கட்டுப்பாட்டுப் பட்டியலில் (ஆயுதத் தயாரிப்புக்கும் உதவக்கூடும் என்பதால் அரசு அனுமதியின்றி அனுப்பக் கூடாத பொருட்களின் பட்டியல்) உள்ள ஒரு பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர் முதலில் கேட்பது, "எந்த உரிமம் சீக்கிரம் கிடைக்கும்?" என்பதுதான். கேட்பதில் தவறில்லை. வாங்குபவர் காத்திருக்கிறார், வங்கியின் கெடு நெருங்குகிறது. ஆனால் வேகத்தை மட்டும் பார்த்து உரிமத்தைத் தேர்ந்தெடுப்பது ஆபத்தான பழக்கம். தனி உரிமம், தொகுப்பு உரிமம், பொது உரிமம் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: அரசு முன்கூட்டிச் செய்யும் சோதனை எவ்வளவு குறைகிறதோ, அந்தச் சோதனை அவ்வளவும் ஏற்றுமதியாளரின் தலையில் வந்து விழுகிறது.

பேச்சுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: அரிப்பைத் தாங்கும் உட்பூச்சு கொண்ட, கசிவில்லாத இரசாயன பம்ப். மருந்துத் தொழிற்சாலையிலும் உரத் தொழிற்சாலையிலும் அன்றாடம் ஓடும் சாதாரண இயந்திரம் இது. ஆனால் நச்சு வாயு தயாரிப்பவருக்கும் இதே பம்ப்தான் வேண்டும். ஈரான்–ஈராக் போரில் இரசாயன ஆயுதங்கள் பயன்படுத்தப்பட்டதை அடுத்து 1985இல் உருவான, பல நாடுகள் சேர்ந்து ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளை ஒருங்கிணைக்கும் ஆஸ்திரேலியா குழு, இத்தகைய பம்புகளைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. அதிகபட்ச ஓட்டம் மணிக்கு 0.6 கன மீட்டருக்கு மேல் இருந்து, திரவம் படும் பாகங்கள் குறிப்பிட்ட பொருட்களால் ஆனவையாக இருந்தால் அது கட்டுப்பாட்டுக்குள் வரும். ஐரோப்பிய ஒன்றியப் பட்டியலிலும் அமெரிக்கப் பட்டியலிலும் அதன் எண் 2பி350.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். சுங்க வரிக்கான குறியீட்டு எண் ஒன்று, கட்டுப்பாட்டுப் பட்டியல் எண் வேறு. சுங்கக் குறியீடு அது "பம்ப்" என்பதோடு நின்றுவிடும். கட்டுப்பாட்டுப் பட்டியலோ உலோகக் கலவையில் நிக்கல் எத்தனை சதவீதம் என்றுகூடக் கேட்கும். முதல் எண்ணைத் தெரிந்துவைத்திருக்கும் சரக்கு முகவருக்கு இரண்டாவது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் பொருளை வடிவமைத்த பொறியாளர்.

தனி உரிமம்தான் மூத்தது, எளிதில் புரிவதும் அதுவே. ஒரு ஏற்றுமதியாளர், ஓர் இறுதிப் பயனர், குறிப்பிட்ட பொருள், குறிப்பிட்ட அளவு. விண்ணப்பத்தோடு தொழில்நுட்ப விவரங்களும் ஒப்பந்தமும், பொருளை யார், எதற்குப் பயன்படுத்துவார் என்று உறுதிகூறும் இறுதிப் பயனர் சான்றிதழும் போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இது அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் செல்லும், அமெரிக்க வர்த்தகத் துறையின் உரிமம் பொதுவாக நான்கு ஆண்டுகள். இந்தியாவில் ஸ்கோமெட் என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பெரும்பாலான பொருட்களுக்கு வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். பல அமைச்சகங்களின் பிரதிநிதிகள் அடங்கிய பணிக்குழு அதை ஆராயும். அணுசக்தி சார்ந்த பிரிவுக்கு அணுசக்தித் துறையும் போர்த்தளவாடப் பிரிவுக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறையும் பொறுப்பு.

இதன் குறை அனைவருக்கும் தெரிந்ததுதான்: காத்திருப்பு. பத்தில் ஏழு தனி உரிம விண்ணப்பங்களை 20 வேலை நாட்களில் முடிக்க வேண்டும் என்பது பிரிட்டன் தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு. அமெரிக்காவில் 90 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் அல்லது அதிபரிடம் கொண்டுபோக வேண்டும் என்று நிர்வாக ஆணை இருக்கிறது. ஆனால் கூடுதல் தகவல் கேட்டுக் கோப்பு திரும்பும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராமல் போகலாம். அரைகுறையாக எழுதிய இறுதிப் பயன்பாட்டு விளக்கத்தைப் போலக் கோப்பை நிறுத்திவைப்பது வேறில்லை. "தொழில்துறைப் பயன்பாடு" என்று இரண்டு சொல்லில் எழுதினால் எந்த அதிகாரியும் கேள்வி கேட்கத்தான் செய்வார். எந்த ஆலை, எந்தத் திரவம், எந்த இடத்தில் பொருத்தப்படும் என்று எழுதினால் பாதிக் கேள்விகள் எழாமலே போகும்.

காத்திருப்புக்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. ஏற்றுமதியாளருக்கு எட்டாத உளவுத் தகவல்களை வைத்து அரசு அந்த வாடிக்கையாளரைச் சோதித்து, அனுப்பலாமா கூடாதா என்று சொல்லிவிடுகிறது. புதிய வாடிக்கையாளர், பழக்கமில்லாத நாடு என்றால் இந்த நிம்மதிக்கு விலையே இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் எழுதியது உண்மையாக இருக்கும்வரைதான் அது பாதுகாப்பு. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் தோஷிபா மெஷின் நிறுவனம், பல அச்சுகளில் இயங்கும் நவீன உலோகச் செதுக்கு இயந்திரங்களை எளிய இயந்திரங்கள் என்று காட்டி அனுமதி பெற்று, சோவியத் ஒன்றியத்துக்கு அனுப்பியது. நார்வேயின் கோங்ஸ்பெர்க் அவற்றுக்கான கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கொடுத்தது. நீர்மூழ்கிக் கப்பலின் சுழல்விசிறிகளைச் செதுக்க உதவும் இயந்திரங்கள் அவை. 1987இல் விவகாரம் வெடித்தபோது, கையில் அனுமதிச் சீட்டு இருந்தது யாரையும் காப்பாற்றவில்லை.

அளவையும் கவனிக்க வேண்டும். 40 பம்புகளுக்கு உரிமம் வாங்கியவர், காலம் மீதமிருக்கிறதே என்று 41ஆவது பம்பை அனுப்பினால் அது உரிமமில்லாத ஏற்றுமதி. பின்னிணைப்பில் வரும் நிபந்தனைகளும் அப்படியே. உரிமம் வந்த மகிழ்ச்சியில் கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் கோப்பில் வைப்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு.

தொகுப்பு உரிமம் இதற்கும் பொது உரிமத்துக்கும் இடைப்பட்டது. ஐரோப்பாவில் இது உலகளாவிய உரிமம், பிரிட்டனில் திறந்த தனி உரிமம். ஒரே ஏற்றுமதியாளர் பல பயனர்களுக்கோ பல நாடுகளுக்கோ ஒரே உரிமத்தில் அனுப்பலாம். அரசு இங்கே ஒவ்வொரு பரிவர்த்தனையையும் பார்ப்பதை விட்டு நிறுவனத்தைப் பார்க்கிறது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/821 ஒழுங்குமுறை, இந்த உரிமம் கேட்பவரிடம் உள்ளகக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்று இருக்க வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்க்கிறது. பொறுப்பாளர் யார், ஆர்டரை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டா, பயனர்களை எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்றெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு ஆர்டர் அனுப்பும் நிறுவனம் இதற்காக ஓர் அலுவலகத்தையே கட்டுவது வீண் செலவு. மாதந்தோறும் ஒரே வாடிக்கையாளர்களுக்கு உதிரிபாகம் அனுப்புபவருக்கோ இதைவிடப் பொருத்தமான வழி வேறில்லை.

பொது உரிமம்தான் அதிகம் ஈர்ப்பது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. அரசே நிபந்தனைகளை வெளியிட்டுவிடும். அவற்றுக்குள் அடங்கும் யாரும் தனியாக ஒப்புதல் கேட்காமல் பயன்படுத்தலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் முதல் பொது உரிமமான இயூ001, ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், நியூசிலாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளுக்கு மட்டும் செல்லும். நம் பம்ப் அதில் ஜப்பானுக்குப் போகலாம். அதே ஜப்பானில் உள்ள சுங்கத் தடையற்ற மண்டலத்துக்கு அனுப்ப முடியாது. முகவரியில் நாட்டின் பெயரை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார். மேலும், முதல் முறை பயன்படுத்தியதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், ஆவணங்களை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும், சோதனைக்கு வந்தால் காட்ட வேண்டும். நிபந்தனைக்குள் அடங்காத ஓர் ஏற்றுமதியை இதன் பெயரில் அனுப்பியிருந்தால், அது உரிமமே இல்லாமல் அனுப்பியதற்குச் சமம். வாசலில் காவலாளி இல்லாத கட்டடம் போன்றது இது. உள்ளே நுழைவது எளிது, தப்பான அறைக்குள் போனால் தடுக்க ஆளில்லை.

அமெரிக்காவில் இதே வேலையை உரிம விலக்குகள் செய்கின்றன. குறைந்த மதிப்புச் சரக்குக்கான விலக்கைப் பாருங்கள். பட்டியலில் அந்தப் பொருளுக்குக் குறித்த தொகைக்குள் இருந்தால் சில நாடுகளுக்கு உரிமமின்றி அனுப்பலாம். பெரிய ஆர்டரைத் துண்டாக்கி வரம்புக்குள் கொண்டுவருவதை விதி வெளிப்படையாகவே தடுக்கிறது. ஒரே பெறுநருக்கு ஓராண்டில் அனுப்பும் மொத்தம் அந்த வரம்பின் 12 மடங்கைத் தாண்டக் கூடாது என்றும் உண்டு. இந்தியாவின் பொது அங்கீகாரங்கள் பெயரில் ஒத்திருந்தாலும் நடையில் வேறு. தொலைத்தொடர்புக் கருவிகள், பழுது பார்த்துத் திருப்பி அனுப்புதல், ஒரே குழும நிறுவனங்களுக்குள் மாற்றுதல் போன்றவற்றுக்கு இவை உள்ளன. ஆனால் ஒருமுறை விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும், பிறகு ஒவ்வொரு ஏற்றுமதியையும் அறிக்கையாகத் தர வேண்டும். ஐரோப்பிய வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே சரக்கை ஏற்றிவிடக் கூடாது.

நான்காவது வழி என்று சிலர் நினைப்பது, பொருள் பட்டியலிலேயே இல்லை என்ற நிலை. அமெரிக்க விதிகளில் இத்தகைய பொருட்களுக்கு இஏஆர்99 என்று பெயர். பெரும்பாலான வர்த்தகம் இந்த வகைதான், பெரும்பாலும் உரிமமும் வேண்டாம். ஆனால் தடைக்குள்ளான நாடு, தடைப்பட்டியலில் உள்ள நிறுவனம், பேரழிவு ஆயுதப் பயன்பாடு என்று வந்தால் சாதாரண ரப்பர் வளையத்துக்கும் உரிமம் தேவைப்படும். ஐரோப்பாவில் 2021/821 ஒழுங்குமுறையின் 4ஆம் பிரிவு இதைப் போன்ற வேலையைச் செய்கிறது. பட்டியலைப் பார்த்து முடித்தவுடன் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் இந்தத் துறையில் மிகச் செலவான சோம்பல்.

ஐரோப்பிய, அமெரிக்க முறைகளுக்கு இடையே இன்னொரு வேறுபாடும் உண்டு, சிறு நிறுவனங்கள் இதைத் தாமதமாகவே அறிகின்றன. ஐரோப்பிய உரிமம் முதன்மையாக எல்லையைக் கடக்கும் கணத்தைக் கட்டுப்படுத்துகிறது. அமெரிக்கச் சட்டம் பொருளின் பின்னாலேயே நடந்து செல்கிறது. மூன்றாம் நாட்டில் தயாரான இயந்திரத்தில் கட்டுப்பாட்டுக்குட்பட்ட அமெரிக்கப் பாகங்களின் மதிப்பு பொதுவாக 25 சதவீதத்தைத் தாண்டினால், சில தடை நாடுகளுக்கு 10 சதவீதத்தைத் தாண்டினால், அதை மறுஏற்றுமதி செய்யவும் வாஷிங்டனின் அனுமதி தேவைப்படலாம். பாகங்களை எங்கே வாங்குகிறோம் என்ற முடிவே இதனால் உரிமத் தேர்வின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இறக்குமதியில் தேர்வுக்கு இடம் குறைவு. பொருள் எந்த வகை உரிமத்துக்குரியது என்பதை அரசு தீர்மானித்துவிட்டிருக்கும். உலக வர்த்தக அமைப்பின் இறக்குமதி உரிம ஒப்பந்தம் இரண்டு வகை சொல்கிறது. தானியங்கி உரிமம் பெரும்பாலும் புள்ளிவிவரத்துக்காகவும் கண்காணிப்புக்காகவும்தான். தகுதியுள்ள எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டும், அதிகபட்சம் 10 வேலை நாட்கள். தானியங்கி அல்லாத உரிமம் ஒதுக்கீட்டளவு போன்றவற்றுக்கு. முந்தி வருபவருக்கு முன்னுரிமை என்றால் 30 நாட்கள், எல்லா விண்ணப்பங்களையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் 60 நாட்கள். ஆவணத்தில் உள்ள சிறு பிழைக்காக விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்றும் அந்த ஒப்பந்தம் சொல்கிறது. மறுக்கப்பட்டவர்கள் இந்த வரியைச் சுட்டிக்காட்டுவதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இரு நாட்டு அனுமதியும் வேண்டும் என்ற பொருட்களில் வரிசைதான் எல்லாம். 1961ஆம் ஆண்டின் போதைப்பொருள் உடன்படிக்கைக்குள் வரும் மருந்துகளுக்கு, இறக்குமதி நாட்டின் அனுமதி கையில் இருந்தால்தான் ஏற்றுமதி நாடு தன் அனுமதியைத் தரும். அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பிலும் (மிகக் கடுமையாகப் பாதுகாக்கப்படும் இனங்களின் பட்டியல்) அதே முறை. இரண்டாம் இணைப்புக்கு உடன்படிக்கை கேட்பது ஏற்றுமதி அனுமதியை மட்டும்தான், ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில தரப்புகள் தம் சட்டப்படி இறக்குமதி அனுமதியையும் கேட்கின்றன. ஈட்டி மர வகைகள் 2017 ஜனவரியில் மொத்தமாக இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டன. இசைக்கருவி தயாரிப்பாளர்கள் தவித்தார்கள். 2019இல் முழுமை பெற்ற இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. பிரேசிலின் ஈட்டி மரம் மட்டும் 1992ஆம் ஆண்டிலிருந்தே முதல் இணைப்பில் இருப்பதால் அதற்கு விலக்கு இல்லை. ஒரே கடையில் அருகருகே தொங்கும் இரண்டு கிட்டார்களில் ஒன்றுக்கு இரண்டு அனுமதிகள் வேண்டும், மற்றொன்றுக்கு ஒன்றும் வேண்டாம்.

நம் பம்புக்கே திரும்பினால் என் பரிந்துரை இதுதான். புதிய வாடிக்கையாளருக்கான முதல் ஆர்டருக்குத் தனி உரிமம், பொது உரிமம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் சரி. அவர் நட்பு நாட்டில் இருந்து, ஆலையை நேரில் பார்த்தும் ஆகிவிட்டது என்றால் இரண்டாம் ஆர்டரிலிருந்து பொது உரிமத்துக்கு மாறலாம். தொகுப்பு உரிமத்தை, உரிம வேலைக்கென்றே ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கும் அளவுக்கு ஆர்டர்கள் வரும்வரை தள்ளிப்போடுங்கள்.