கண்ணாடித் தொட்டிக்குள் கிளையை எதில் நிறுத்துவது: காந்தமா, சிலிக்கானா, தாங்கியா?

கிரெஸ்டட் கெக்கோவுக்குத் தொட்டியின் தரை இரண்டாம்பட்சம்தான். நியூ கலிடோனியாவின் காடுகளிலிருந்து வந்த பல்லி இது. பகலில் தூங்கி வழிந்துவிட்டு, இரவில் கிளைக்குக் கிளை தாவும். கண்ணாடியிலும் ஒட்டி ஏறும் என்றாலும் படுத்துக் கிடக்கக் கிளை வேண்டும். 45 செ.மீ அகலம், 60 செ.மீ உயரமுள்ள என் தொட்டிக்கு நான் தேர்ந்தது தாங்கி முறை: சுவரில் தாங்கியை ஒட்டி, கிளையை அதில் உட்காரவைத்து, வேண்டும்போது கழற்றுவது. அதனால் இந்த ஒப்பீடு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்.

கண்ணாடியில் அழுத்தி ஒட்டும் ரப்பர் கிண்ணமான சக்‌ஷன் கப்பில் பேச அதிகமில்லை. தினமும் தண்ணீர் தெளிக்கிற இடத்தில் கண்ணாடியில் உப்புப் படலம் படியும், விளிம்பு வழியே காற்று புகும், ஒருநாள் நழுவிவிடும். பிளாஸ்டிக் இலைக்கொடி தொங்கவிடச் சரி, கிளைக்கு வேண்டாம்.

காந்தம் கவர்ச்சியானது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நினைத்த இடத்துக்கு நகர்த்தலாம், கறையும் விழாது. ஆனால் நியோடிமியம் என்ற வலுவான காந்தத்தின் மேல்பூச்சில் கீறல் விழுந்தால் ஈரத்தில் துருப்பிடித்து உதிரும். உள்ளே வைப்பது முழுக்க மூடப்பட்டதாக இருக்க வேண்டும். கண்ணாடியின் தடிமன் கூடினால் பிடியும் சட்டென்று குறையும். சுவரை ஒட்டிய சின்னத் தட்டுக்கு அருமை. நீளக் கிளையின் ஒரு முனையை மட்டும் பிடிக்கச் சொன்னால் சாய்ந்துவிடும்.

கிளையை நேரடியாகச் சிலிக்கான் பசை வைத்து ஒட்டுவது உறுதியான வழி. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கானைத் தவிர்த்து மீன்தொட்டி வகையை வாங்கவேண்டும். வினிகர் வாடை முழுசாகப் போகும்வரை பல்லியை உள்ளே விடக்கூடாது. கண்ணாடிப் பக்கம் பிடி விடவே விடாது. பட்டையோடு ஒட்டினால் பட்டைதான் உரிந்து வரும்.

என்னைத் தாங்கியின் பக்கம் தள்ளியது கழுவும் வேலை. கெக்கோ உட்கார்ந்த இடத்திலேயே எச்சமிடும். நாம் வைக்கும் பழக்கூழை மிதித்துவிட்டுக் கிளை முழுக்கத் தடம் பதிக்கும். அது பட்டை இடுக்கில் காய்ந்து இறுகும், ஈரம் பட்டதும் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். ஒட்டிய கிளையென்றால் முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுத் தேய்க்க வேண்டும். வெந்நீர் ஊற்ற முடியாது, அழுக்குத் தண்ணீர் எல்லாம் கீழே மண்ணில் இறங்கும். கழற்றும் கிளையென்றால் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோய் வெந்நீரில் பிரஷ் போட்டு, வெயிலில் காயவைத்தால் முடிந்தது. அது காயும்வரை இன்னொரு ஜோடிக் கிளைகள் உள்ளே இருக்கும். உளுத்துப்போனால் கொய்யாக் கிளை ஒன்றை வெட்டி மாற்றலாம்; பிளேடால் சிலிக்கானைச் சுரண்டும் வேலையே கிடையாது.

தாங்கிக்கு அக்ரிலிக் கொக்கிகள் உண்டு. ஆனால் சிலிக்கான் அக்ரிலிக்கைவிடக் கண்ணாடியைத்தான் நன்றாகப் பிடிக்கும். கண்ணாடிக் கடையில் துண்டுகள் வாங்கி, விளிம்பை மழுங்கத் தேய்த்துக்கொள்ளுங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் அடியில் ஒன்று, பக்கங்களில் இரண்டாக, மேல்பக்கம் திறந்த பெட்டிபோல ஒட்டினால் தாங்கி தயார். கிளை மேலிருந்து உட்காரும். ஈரத்தில் மரம் நீளத்தில் அநேகமாக மாறாது, பருமனில்தான் ஊதும். அதனால் பக்கவாட்டில் ஓரிரு மில்லிமீட்டர் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும். தாங்கியே இல்லாமல் கிளையை இரு சுவருக்கும் நடுவே இறுக்கிச் செருகுகிறவர்களும் உண்டு. அந்த அழுத்தம் தொட்டியின் மூலை ஒட்டுகளில் போய் விழும் என்பதால் எனக்கு உடன்பாடில்லை.

இதெல்லாம் ஐம்பது கிராம் பல்லியை வைத்துச் சொல்வது. பச்சை மர மலைப்பாம்பு (green tree python) போல ஒரு கிலோவைத் தாண்டுகிற உயிருக்கு என் கண்ணாடித் துண்டுகளை நான் நம்பமாட்டேன். அதற்குத் தொட்டியின் சட்டகத்தில் திருகி மாட்டும் தாங்கி வேண்டும். அங்கும் கழற்றும் வகைதான் தோது: கடிக்க வரும் பாம்பைக் கையால் பிடிக்காமல், சுருண்டிருக்கும் கிளையோடு சேர்த்தே வெளியே எடுத்துவிடலாம்.