மகனின் கடனும் மகளின் மணமுறிவும்: குடும்பச் சொத்தை எந்த ஏற்பாடு காக்கும்?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நெடுங்காலம் வணிகம் செய்த ஒருவரிடம் ஒரு கடைவீடும், ஒரு கொண்டோவும் (தனியார் அடுக்குமாடி வீடும்), பங்குகளும், வைப்புத் தொகையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மகன் தன் நிறுவனத்தின் வங்கிக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மகளின் திருமணம் ஆட்டம் கண்டிருக்கிறது. இந்தச் சொத்து பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும், ஆனால் கடன் கொடுத்த கடன்காரரிடமோ பிரிந்து செல்லும் மருமகனிடமோ போய்விடக் கூடாது என்பது தந்தையின் கவலை. நம் குடும்பங்களில் இப்படிக் கவலைப்படுவோர் பலர் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஆபத்தையும் ஒன்றாகவே எண்ணிக் குழம்புகிறார்கள் என்பதால், இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும்.

உயில்வழி நேரடியாக எழுதிக் கொடுப்பதுதான் முதல் வழி. மணமுறிவைப் பொறுத்தவரை இது பலர் அஞ்சுமளவுக்குப் பலவீனமானதன்று. மணமுறிவில் சொத்துப் பங்கீட்டை முறைப்படுத்தும் சட்டமான மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவின்படி, ஒருவருக்கு அன்பளிப்பாகவோ மரபுரிமையாகவோ வந்த சொத்து, தம்பதியர் குடியிருக்கும் வீடாக இல்லாத வரையிலும், திருமண காலத்தில் மற்றவரோ இருவரும் சேர்ந்தோ அதைக் கணிசமாக மேம்படுத்தாத வரையிலும், பங்கிடப்படும் மணச்சொத்தில் சேராது. ஆனால் மகள் அந்தப் பணத்தில் வீடு வாங்கிக் கணவருடன் குடியேறிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். மகனுக்கோ இந்த வழி ஆபத்தானது. அவர் நொடித்துப்போய், அதிலிருந்து விடுபடுவதற்கு முன் தந்தை காலமானால், அவருக்கு வரும் பங்கு கடன்காரர்களுக்கே போகும்.

அறக்கட்டளை, அதாவது சொத்தை அறங்காவலர் என்னும் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துப் பயனாளிகளான பிள்ளைகளுக்காக நிர்வகிக்கச் செய்யும் ஏற்பாடு, ஒன்றை ஏற்படுத்தி, மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி என்று பங்கை முன்கூட்டியே வரையறுப்பது இரண்டாம் வழி. பாதுகாப்பு என்று நம்பிப் பலர் இதைத் தேர்ந்தெடுப்பது எனக்கு வருத்தம் தருகிறது. பங்கு உறுதியாகிவிட்டால் அது பயனாளியின் சொத்து. அதைக் கடன்காரரும் தொட முடியும். முப்பத்தைந்து வயதில்தான் கொடுக்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதினாலும், பங்கு முழுமையாகத் தமக்கே உரியதான வயதுவந்த பயனாளி அதை முன்னதாகவே கேட்டுப் பெறலாம் என்பது 1841இல் இங்கிலாந்தில் சாண்டர்ஸ் எதிர் வாட்டியர் வழக்கில் நிலைநாட்டப்பட்ட விதி. அதுவே இங்கும் பின்பற்றப்படுகிறது.

மூன்றாம் வழி காப்பு அறக்கட்டளை. மகனுக்கு வாழ்நாள் வருமானம் உண்டு. அவர் நொடித்தாலோ அந்த உரிமையைப் பிறருக்கு மாற்ற முயன்றாலோ அது அற்றுப்போய், அறங்காவலரின் விருப்பத்துக்கு உட்பட்ட ஏற்பாடாக மாறிவிடும். அறங்காவலர் சட்டமே இதற்கு இடமளிக்கிறது. பிள்ளைக்காகத் தந்தை இதை அமைக்கலாம். தம்மைத் தம் கடன்காரரிடமிருந்து காத்துக்கொள்ள அமைக்க முடியாது. மணமுறிவில் இதன் பயன் குறைவு.

நான்காம் வழியான விருப்புரிமை அறக்கட்டளையில் யாருக்கும் நிலையான பங்கு கிடையாது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை அறங்காவலரே தீர்மானிப்பார். தம்மையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கேட்கும் உரிமை மட்டுமே பயனாளிக்கு உண்டு. கைப்பற்றுவதற்கு அவர் கையில் எதுவும் இல்லாததால் கடன்காரர் வெறுங்கையுடன் திரும்ப நேரும். நான்கு வழிகளில் வலுவானது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் மகனே தனி அறங்காவலராக இருந்தாலோ, அறங்காவலரை நீக்கித் தம்மையே நியமித்துக்கொள்ளும் அதிகாரம் அவரிடம் இருந்தாலோ, இது பெயரளவு ஏற்பாடுதான் என்று வாதிட எதிர்த்தரப்புக்கு வழி பிறக்கிறது. மகளுக்கு மாதந்தோறும் தவறாமல் பணம் போய்க்கொண்டிருந்தால், மணமுறிவு வழக்கில் அது அவரது நிதி ஆதாரமாகக் கணக்கில் வரலாம். அறங்காவலர் கையில் உள்ள சொத்து உண்மையில் தம் துணைக்கே சொந்தம் என்று ஒருவர் வாதிட்டால், வழக்கில் இல்லாத அந்த மூன்றாம் தரப்பைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பைக் குடும்ப நீதிமன்றம் 112ஆம் பிரிவின்கீழ் வழங்க இயலாது, தனி வழக்கு தேவைப்படலாம் என்று 2018இல் யுடிஏ எதிர் யுடிபி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எந்த வகையானாலும், சொத்தை உள்ளே வைக்கும் தந்தையின் கடன்நிலை முக்கியம். அவர் கடனடைக்க இயலாத நிலையில் மாற்றிக் கொடுத்து, பின்னர் நொடித்தால், நொடிப்பு விண்ணப்பத்துக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குள் ஈடின்றிக் கொடுத்தவற்றை நீதிமன்றம் திரும்பப் பெறலாம். கடன்காரரை ஏமாற்றும் நோக்கம் நிரூபிக்கப்பட்டால் அந்த 3 ஆண்டு எல்லையும் பொருந்தாது.

கொண்டோவில்தான் சிக்கல் முற்றுகிறது. 2023 ஏப்ரல் 27 முதல், குடியிருப்புச் சொத்தை உயிருடன் இருக்கும்போதே அறக்கட்டளைக்கு மாற்றினால் 65 விழுக்காடு கூடுதல் முத்திரைத் தீர்வையை முன்கூட்டியே கட்ட வேண்டும். 20 லட்சம் வெள்ளி மதிப்புள்ள வீட்டுக்கு 13 லட்சம் வெள்ளி. பயனாளிகள் அடையாளம் காணக்கூடிய தனிமனிதர்களாக இருந்து, உரிமை மாற்ற முடியாதபடி அவர்களிடம் சேர்ந்திருந்தால், 6 மாதங்களுக்குள் விண்ணப்பித்துக் பயனாளிகளுக்குப் பொருந்தும் விகிதத்துக்கு மேற்பட்ட தொகையைத் திரும்பப் பெறலாம். அதாவது, தீர்வை திரும்பக் கிடைக்கும் அறக்கட்டளை கடன்காரரிடமிருந்து காக்காது. காக்கும் அறக்கட்டளைக்குத் தீர்வை திரும்பக் கிடைக்காது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்குக் கழகத்தின் முன்அனுமதியின்றி அறக்கட்டளை செல்லவே செல்லாது. முழுவதும் வணிகப் பயன்பாட்டுக்கான கடைவீட்டுக்கு இந்தக் கூடுதல் தீர்வை இல்லை. மேல்மாடி குடியிருப்புக்கு அனுமதிக்கப்பட்டதென்றால் அந்தப் பகுதிக்கு உண்டு. ஆகவே இந்தத் தந்தைக்கு நான் சொல்வது, கொண்டோவை இப்போது மாற்றாமல், பங்குகளையும் வைப்புத் தொகையையும் வணிகக் கடைவீட்டையும் மட்டும் விருப்புரிமை அறக்கட்டளையில் வைக்க வேண்டும் என்பதே.

திருமணத்துக்கு முந்தைய ஒப்பந்தத்தையும் சிலர் நாடுகிறார்கள். 2009இல் டிக்யூ எதிர் டிஆர் வழக்கு காட்டியபடி, நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளும். ஆனால் அதற்குக் கட்டுப்படாது. கடன்காரரை அது அறவே கட்டுப்படுத்தாது.

அறக்கட்டளையுடன் தந்தை எழுதி வைக்கும் விருப்பக் கடிதத்தில் மிகுந்த கவனம் தேவை. “மகனுக்கு மாதம் 5,000 வெள்ளி தர வேண்டும்” என்பது போன்ற வரி, அறங்காவலர் சுயமாகத் தீர்மானிக்கவில்லை என்று காட்ட எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குச் சான்றாகிவிடும். பிள்ளைகளின் மருத்துவம், பேரப்பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகை என நோக்கங்களை மட்டும் குறிப்பிட்டு, தொகையை அறங்காவலரிடம் விட்டு, முடிந்தவரை பணத்தைப் பிள்ளையின் கணக்கில் போடாமல் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நேரடியாகச் செலுத்தச் சொல்வதே பாதுகாப்பானது.