1,850 யூரோ போச்சு: பொன் விளிம்பு லிமோஜ் பீங்கான் செட் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 1,850 யூரோ. போன மாதம் சீட்டு எடுத்த பணம்.

புதுச்சேரியில் அம்மாச்சி வீட்டு அலமாரியில் ஒரே ஒரு லிமோஜ் தட்டு இருந்தது, விளிம்பில் பொன் கொடியோடு. தொட்டால் அடி விழும். பாரிஸ் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தெருச்சந்தைகளில் ஒன்றிரண்டாகப் பொறுக்கி 14 தட்டு சேர்த்திருந்தேன். முழு செட் என்பது கனவு.

பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் விளம்பரம் வந்தது. 12 பேருக்கு, 72 உருப்படி, "பாட்டியின் சீதனம், நெப்போலியன் காலத்தது". வீடியோவில் பேசலாமா என்று விற்பவரே கேட்டார். நாற்பது நிமிஷம். ஸ்பூனால் தட்டைத் தட்டினார், மணி போல் ஒலித்தது. விளக்குக்கு எதிரே பிடித்து, பின்னால் விரலை ஆட்டினார், நிழல் தெரிந்தது. லிமோஜ் என்பது ஒரு கம்பெனி இல்லை, பிரான்சில் ஓர் ஊர். 1768 வாக்கில் அதற்குத் தெற்கே சேன்-தீரியேயில் வெள்ளைக் களிமண் கிடைத்த பிறகுதான் அங்கே பீங்கான் தொழிலே வந்தது என்று கதை கதையாகச் சொன்னார். எல்லாம் உண்மை. ஏமாற்றுவதற்கும் சரக்கு தெரிந்திருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"ஆப் வழியாகப் போனால் கமிஷன் தண்டம். நேராக வங்கிக்கு அனுப்புங்கள், 2,000த்தை 1,850 ஆக்குகிறேன்" என்றார். வீட்டுக்காரர் "ஆப்பிலேயே கட்டேன்" என்றார். நான்தான் பெரிய இவளாக, "பாட்டி சொத்தை விற்கிறவர், பாவம்" என்று அனுப்பினேன்.

மூன்று பெட்டி வந்தது. மேல் அடுக்கில் இருந்த ஆறு தட்டும் அசல், சந்தேகமே இல்லை. அடுத்த அடுக்கைக் கழுவும்போது ஸ்பான்ஜில் மஞ்சளாக ஏதோ மின்னியது. நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டு விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்தேன். தங்கம் பஞ்சோடு வந்துவிட்டது! அடியில் தேய்ந்துபோன பழைய பொன்னின் மங்கல் கோடு. அசல் தங்கத்தை எழுதிய பிறகு சூளையில் இன்னொரு தடவை சுடுவார்கள், இதற்கெல்லாம் அசையாது. இது யாரோ பாத்திரம் கழுவும் மெஷினில் வருஷக்கணக்காகப் போட்டு அழித்த தட்டு. மேலே கடையில் விற்கிற தங்கப் பெயின்ட்.

அதுகூடப் பரவாயில்லை. 24 தட்டு லிமோஜே இல்லை. பழைய லிமோஜில் தட்டைச் செய்தவரின் முத்திரை, பெரும்பாலும் பச்சை, பளபளப்புப் பூச்சுக்கு அடியில் இருக்கும். அலங்கரித்தவரின் முத்திரை மேலே இருக்கலாம், அது தப்பில்லை. இவற்றில் அடியில் ஒன்றுமே இல்லை, மேலே மட்டும் ஸ்டிக்கர் மாதிரி ஒன்று. நகத்தில் தட்டுகிறது. அதிலும் "பிரான்ஸ்" என்று எழுதியிருக்கிறது. நாட்டின் பெயரைப் போடுவது பரவலானதே 1890இல் வந்த அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்குப் பிறகுதான். நெப்போலியனாம்!

ஆப்காரர்களுக்கு எழுதினேன். "பணம் எங்கள் வழியாக வரவில்லை." மறுபடி எழுதினேன், அதே வரி, வேறு பெயர். வங்கியில் "நீங்களே ஒப்புதல் கொடுத்தீர்கள் மேடம்". விற்றவர் இரண்டு நாள் கழித்து, "நான் கடைக்காரன் இல்லை, 14 நாளில் திருப்பித் தரும் விதி எனக்குக் கிடையாது" என்று ஒரு வரி. அந்த விதி தனியாளுக்கு இல்லை என்பது நிஜம், அதுதான் வயிறு எரிகிறது. அதோடு அவர் நம்பர் செத்துப்போனது. போலீசில் எழுதிக்கொண்டார்கள். 1,850 யூரோவா, பீங்கானுக்கா என்று ஒரு சிரிப்பு வேறு.

பத்து யோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ஆப்புக்கு வெளியே காசு அனுப்பாதீர்கள். ஒரு தட்டை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், எல்லாத் தட்டின் பின்பக்கமும் படம் கேளுங்கள். முடிந்தால் நேரில் போய் நகத்தால் தடவிப் பாருங்கள்.

அப்புறம், இன்று காலை அதே ஆப்பில் வேறு பெயரில் ஒரு லிமோஜ் செட் வந்திருக்கிறது. அதே நீலக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு, இடது மூலையில் அதே காப்பிக் கறை. புகார் கொடுத்துவிட்டேன், இன்னும் எடுக்கவில்லை.