கூகுள் ஆட் கிராண்ட்ஸா, நாமளே எழுதுற பக்கமா?

தொண்டு நிறுவனத்தோட வெப்சைட்டுக்கு ஆள் வர வைக்க ரெண்டு வழி இருக்கு. ஆட் கிராண்ட்ஸ்னா, தொண்டு நிறுவனங்களுக்கு கூகுள் மாசம் 10,000 டாலர் மதிப்பு வரைக்கும் தேடல் விளம்பரம் இலவசமா தருது, ஆனா 5 சதவீத கிளிக் ரேட்டை (விளம்பரம் 100 தடவை தெரிஞ்சா 5 கிளிக்காவது) விடாம காப்பாத்தணும், ஒத்தை வார்த்தை கீவேர்ட் (எந்தச் சொல்லைத் தேடினா விளம்பரம் வரணுமோ அது) பெரும்பாலும் எடுபடாது, உட்கார்ந்து பாக்க ஒரு ஆள் வேணும், விளம்பரம் நின்னா கூட்டமும் நின்னுடும்.

நம்ம வெப்சைட்ல நாமளே எழுதுற பக்கம் அப்படி இல்லங்க. உதாரணத்துக்கு கண் தானம்னா, இறந்து 6 மணி நேரத்துக்குள்ள கண்ணை எடுக்கணும், அதுவரை ஃபேனை நிறுத்தி, இமையை மூடி ஈரப் பஞ்சு வெச்சு, தலைக்கு தலகாணி குடுங்கன்னு தெளிவா தமிழ்ல போடுங்க, ராத்திரி 2 மணிக்கு அழுதுட்டே போன்ல தேடுறவங்களுக்கு அதுதான் வேணும். தேடல்ல மேல வர சில மாசம் ஆகும், பரவால்ல. முதல்ல இந்த மாதிரி நாலு பக்கம் எழுதுங்க, அப்புறம் கிராண்ட்ஸுக்கு அப்ளை பண்ணி விளம்பரத்தை நேரா அந்தப் பக்கத்துக்கே விடுங்க.