வேலூரிலிருந்து ஒரு நாள்: போர் நினைவிடங்களுக்கு எந்த வழியில் போகலாம்?

வேலூர்ப் பக்கம் படைக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கணியம்பாடியை ஒட்டிய கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். ஆனாலும் லீவு நாளில் பிள்ளைகளைக் காரில் ஏற்றினால் பேச்சு தங்கக் கோயில், ஏலகிரி, அமிர்தி என்றுதான் போகும். போர் நினைவிடங்களுக்கென்றே ஒரு நாளை ஒதுக்கினால் என்ன? காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்படி மூன்று வழிகள் இருக்கின்றன: சென்னை, காஞ்சிபுரம் அருகே புள்ளலூர், அப்புறம் நம்ம ராணிப்பேட்டை – ஆற்காடு – வேலூர்.

பலரும் முதலில் சொல்வது சென்னையைத்தான். போக மட்டும் 140 கிலோமீட்டர் பக்கம் வரும். ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி தாண்டி மவுண்ட் – பூந்தமல்லி சாலையில் நந்தம்பாக்கத்தில் இருக்கிறது மெட்ராஸ் போர்க் கல்லறை. 1952-இல் அமைத்தது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்ட வீரர்கள் இங்கே அடக்கம். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவின் சின்னம், பல கற்களில் வயது. படையில் இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார் அந்த வயதுகளை மட்டுமே வாய்விட்டுப் படித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். இருபது, இருபத்திரண்டு, பத்தொன்பது. கூட வந்த பிள்ளைகளும் சத்தமில்லாமல் பின்னால் போனார்கள். பின்பக்கத்து நினைவுச் சுவரில், முதல் உலகப் போரில் இறந்து நாட்டின் பல மூலைகளில் பராமரிக்க முடியாத கல்லறைகளில் கிடக்கிற ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன.

அந்த ஓர் இடத்துக்காகச் சென்னை போகலாம். ஆனால் கோட்டைக்கும் மெரினாவுக்கும் இடையே உள்ள போர் வெற்றி நினைவுச்சின்னத்தையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால், நகரத்து நெரிசலிலேயே நாளில் பாதி போய்விடும். முதல் உலகப் போர் வெற்றிக்காகக் கட்டி, பின்னால் வந்த போர்களையும் சேர்த்துக்கொண்ட இடம் அது. பார்க்க வேண்டியதுதான். ஆனால் முட்டிவலிக்காரர்களும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிற காரில் நான் நந்தம்பாக்கத்தோடு வண்டியைத் திருப்பிவிடுவேன்.

புள்ளலூர் வழி இதற்கு நேர் எதிர். காஞ்சிபுரம் வரை சுமார் 70 கிலோமீட்டர், அங்கிருந்து வடக்கே கிராமச் சாலை. 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை வளைத்து அழித்தது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் பறந்தன, கம்பெனிக்காரர்களின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. கம்பெனியின் இன்னொரு தளபதி ஹெக்டர் மன்றோ பெரும்படையோடு காஞ்சிபுரத்தில் இருந்தும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. பெய்லி சிறைப்பட்டு, ஸ்ரீரங்கப்பட்டினத்திலேயே இறந்துபோனார். ஸ்ரீரங்கப்பட்டினத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரைப் பெரிய ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். அதன் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். வயலைக் காட்டிச் சொல்வதைவிட ஓவியத்தைக் காட்டிச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

ஊரில் நிற்கிற இரண்டு கூர்நுனித் தூண்களைப் பெய்லியின் நினைவுச்சின்னம் என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்த வருடம், 1781 ஆகஸ்ட் 27 அன்று, ஏறக்குறைய அதே இடத்தில் கம்பெனித் தளபதி அயர் கூட் ஹைதரோடு மோதினார். அதில் இறந்த ஜார்ஜ் பிரவுன், ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்ற இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு வைத்த தூண்கள் அவை. இந்த இரண்டு போர்களிலும் இரு பக்கமும் நின்று செத்த சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் ஆட்கள். அவர்கள் பெயர் அந்தத் தூண்களில் இல்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் பேசுவதற்கு இங்கே நிறைய இருக்கிறது. பல்லவர் காலத்துப் போர் ஒன்றும் இதே புள்ளலூரில் நடந்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. ஆனால் சின்னப் பிள்ளைக்கு அது வெயிலில் நிற்கிற இரண்டு தூண், அவ்வளவுதான். சாப்பாடு, கழிப்பறை எல்லாவற்றையும் காஞ்சிபுரத்திலேயே முடித்துக்கொண்டு போங்கள்.

சரி, மூன்றாவது வழி. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். மொத்தத் தூரமே போக வர 60 கிலோமீட்டரைத் தாண்டாது. அதைவிட முக்கியம், இங்கே சாலையும் கதைக்குள்ளேயே இருக்கிறது.

காலையில் நேராக ராணிப்பேட்டைக்குப் போய்விடுங்கள். பாலாற்றங்கரையில் தேசிங்கு ராஜாவுக்கும் அவர் மனைவி ராணிபாய்க்கும் நினைவு மண்டபங்கள் இருக்கின்றன. 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி இறந்த செஞ்சி அரசன். நீலவேணிக் குதிரையும் தோழன் மோவுத்துக்காரனும் வருகிற கதையைத் தாத்தா பாட்டி யாராவது காரில் சொல்லிக்கொண்டே வந்தால் பாதி வேலை முடிந்தது. ஆற்றைக் கடந்தால் ஆற்காடு. 1751-இல் ராபர்ட் கிளைவ் சில நூறு பேரோடு கோட்டையைப் பிடித்து, நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபின் முற்றுகையை ஐம்பது நாள் தாங்கினார். அரிசி தீர்ந்துவந்தபோது சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் கஞ்சித்தண்ணியைக் குடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஊரைச் சுற்றி இருந்த அரணில் இன்று பார்க்கக் கிடைப்பது டெல்லி கேட் வாசல். அதிக நேரம் பிடிக்காது. மக்கன்பேடா வாங்கிக்கொண்டு வேலூருக்குத் திரும்புங்கள்.

இப்போது நீங்கள் வருகிற திசையில்தான் 1806 ஜூலை 10 காலையில் ஆங்கிலத் தளபதி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தொப்பி போடு என்ற உத்தரவுகளால் கொதித்துப்போன சிப்பாய்கள், விடியுமுன்பே எழுந்து வேலூர்க் கோட்டையைப் பிடித்திருந்தார்கள். கோட்டையில் இருந்த ஆங்கிலேயரின் 69-வது படைப்பிரிவில் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைக்காரர்கள் செத்தார்கள். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. முன்னால் வந்துவிட்ட கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதிலேறினார். பின்னால் வந்த பீரங்கி வாசலை உடைத்தது. பிறகு நடந்தது பழிவாங்கல். அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த சுமார் நூறு சிப்பாய்களை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தம் இறந்த சிப்பாய்கள் சுமார் 350 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்கு 51 வருடம் முன்னால் நடந்தது இது. இந்தச் சுடுகிற பகுதியைச் சின்னப் பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது என்பதை வீட்டுப் பெரியவர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. மறைக்க வேண்டாம், விவரிக்கவும் வேண்டாம்.

கோட்டைக்கு எதிரே மக்கான் சந்திப்பில் சிப்பாய்களுக்கு நினைவுத்தூண் நிற்கிறது. கோட்டைக்குப் பக்கத்துப் பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்தில் 69-வது படைப்பிரிவினருக்கு நினைவிடம். ஒரே இரவில் ஒருவரையொருவர் கொன்ற இரண்டு தரப்பின் நினைவையும் நடந்தே பார்க்கலாம். மற்ற இரண்டு வழிகளிலும் இது கிடைக்காது, என் ஓட்டு இதற்கு விழுவதற்கு அதுவே காரணம். திப்பு குடும்பத்தினரின் சமாதிகளும், இங்கே சிறைவைக்கப்பட்டு 1832-இல் இறந்த கண்டி அரசர் விக்கிரம ராஜசிங்கனின் முத்து மண்டபமும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. நேரம் இருந்தால் பாருங்கள்.

ஒரு குறை சொல்ல வேண்டும். லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ள கல், இந்த ஊரிலிருந்து முதல் உலகப் போருக்கு 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. அந்த 14 பேர் யார் என்று அந்தக் கல்லில் இல்லை. நந்தம்பாக்கத்தில் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. சென்னைப் பயணத்தை இரண்டாவதாக வையுங்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான். புள்ளலூர் மூன்றாவதாக, பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு.

கிளம்பும் நாளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை போனால் கோட்டைக்குள் இருக்கிற அரசு அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஜூலை 10 அன்று தூணுக்கு மாலை போட அதிகாரிகளும் பொதுமக்களும் வருவார்கள். அன்றைக்குப் போவதானால் மக்கானுக்குக் காலையிலேயே போய்விட்டு, ஆற்காட்டைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.